அப்பாவின் ஃப்ளாப்பிகளில் இருக்கும் தமிழை எப்படி மீட்பது?

“என் அப்பா 1997 முதல் 2004 வரை வீட்டுக் கணினியில் தமிழில் நிறைய எழுதினார். அவர் விட்டுச்சென்றவை 42 ஃப்ளாப்பிகளும், அந்தக் கணினியிலிருந்து கழற்றி வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும். கடையில் கொடுத்துத் திறந்து பார்த்தபோது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரிந்தன. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். மீட்க வழி உண்டா?” என்பது உங்கள் கேள்வி.

முதலில் மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தன என்று நீங்கள் சொல்வதே கோப்பு நலமாக இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். கெட்டுப்போன கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது. திறந்தாலும் பாதியில் நின்றுவிடும். உங்கள் அப்பா அடித்த ஒவ்வோர் எழுத்தும் அந்தக் குழப்பத்துக்குள் அடித்த வரிசையிலேயே இருக்கிறது. அதைத் தமிழாகக் காட்டுவதற்கு வேண்டிய எழுத்துரு இன்றைய கணினியில் இல்லை, அவ்வளவுதான். பழைய கணினிகளைச் சேர்த்து, ஓட வைத்து, அவற்றுக்குள் இருப்பதை வெளியே எடுப்பது ஏறத்தாழ 20 ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. பிழைப்புக்கான வேலை வேறு என்பதால் மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் இதில் உட்காருகிறேன். என்னிடம் வந்தவற்றில் இப்படி “கெட்டுப்போய்விட்டது” என்று தூக்கிப் போட இருந்த தமிழ்க் கோப்புகளே அதிகம்.

ஏன் இப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் பிறகு செய்ய வேண்டியவற்றில் பாதி தானே விளங்கும். கணினி எழுத்தைப் படமாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. அந்நாளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான 256 எண்கள்தான் கைவசம் இருந்தன. அவற்றில் முதல் 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக்குறிகளும் ஏற்கெனவே குடியிருந்தன. தமிழுக்கு இடம் தேடியவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். ஒரு சாரார் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். இன்னொரு சாரார் ஆங்கிலத்தைத் தொடாமல், மேலே இருந்த 128 இடங்களுக்குள் தமிழை அடக்கப் பார்த்தார்கள். யார் எந்த எண்ணில் எந்த எழுத்தை வைத்தார்கள் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் மிகப் பரவலாக இருந்த பாமினி எழுத்துரு. அதில் “தமிழ்” என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள். இது ஏதோ மனம்போன அமைப்பு அன்று. தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்குப் போனவர்கள் “யளனகபாதமட” என்று முதல் பாடத்தை விரல் நோக அடித்திருப்பார்களே, அந்த வரிசைதான் இது. தட்டச்சுப் பொறியில் த இருந்த விசையில் ஆங்கில ஜே, ம இருந்த விசையில் கே, ட இருந்த விசையில் எல். பொறியில் பழகிய விரலுக்குக் கணினியிலும் அதே இடத்தில் அதே எழுத்து கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. உங்களுக்குத் தெரிந்த குழப்பத்தில் சாதாரண ஆங்கிலச் சிற்றெழுத்துகளும், இடையிடையே ஏராளமான அரைப்புள்ளிகளும் இருந்தால், அது பாமினியோ அதன் உறவோ என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரி கிடையாது. எனவே புள்ளிக்கு உரிய குறி பக்கம் முழுவதும் தூவிக் கிடக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். வரிசை மிகவும் முக்கியம். எழுத்தைத் தமிழாக மாற்றுவதை இன்றைக்கும் செய்யலாம், ஐந்து ஆண்டு கழித்தும் செய்யலாம். ஒருமுறை பிழையாக மாற்றிவிட்டால் மறுபடி மாற்றலாம். ஃப்ளாப்பிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்த அவகாசம் இல்லை. ஆகவே எதையும் திறந்து படிக்க முற்படும் முன், எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்துவிட வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008இல் என் பெரியப்பா பல ஊர்க் கோயில்கள் பற்றிப் பல ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருந்த குறிப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, பிரதி எடுக்காமல் நேராக என் கணினியில் மாட்டி இயக்கினேன். கணினி எழும்போதே டிஸ்க்கைச் சரிபார்க்கும் வேலையைத் தானாகத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை. அது முடிந்தபோது, அவர் ஊர்ப்பெயரும் ஆண்டும் இட்டு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த கோப்புறைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் பெயரில்லாத, வெறும் வரிசை எண் மட்டும் உள்ள நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடந்தன. அவற்றில் பலவற்றைப் பிறகு படித்து எடுத்தேன்; எது எந்த ஊரைப் பற்றியது என்பதைச் சொல்ல அவர் இல்லை. அன்றிலிருந்து, பிறர் வீட்டு டிஸ்க் எதையும் பிரதி எடுக்காமல் நான் திறப்பதில்லை.

ஃப்ளாப்பிகளிலிருந்து தொடங்குங்கள்; அவைதான் விரைவில் கைவிட்டுப் போகக்கூடியவை. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் ஒரு மூலையில் நகரக்கூடிய சிறிய பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை நகர்த்தி, துளை வழியாக வெளிச்சம் தெரியும்படி வைத்தால், எந்தக் கணினியாலும் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. 42 ஃப்ளாப்பிகளிலும் இதைச் செய்த பிறகே அவற்றை டிரைவில் போடத் தொடங்குங்கள். “இதை ஃபார்மேட் செய்யவா?” என்று கணினி கேட்கும் தருணம் கட்டாயம் வரும், அப்போது தவறிக் கை பட்டாலும் ஃப்ளாப்பி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, ஃப்ளாப்பியின் உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்து, உள்ளே தெரியும் பழுப்புத் தகட்டை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கத்தின் நடுவில் உள்ள உலோக வட்டத்தைச் சுற்றினால் தகடு சுழலும்; ஒரு சுற்று முழுவதும் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சை படிவது சாதாரணம். நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகில் இருந்த ஒரு வீட்டிலிருந்து வந்த பெட்டியில், ஏறத்தாழ எல்லாத் தகடுகளிலும் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் முனையில் பூஞ்சை அப்பிக்கொள்ளும். அது அந்தத் தகட்டைச் சுரண்டுவதோடு, அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் காந்தப் பூச்சே போய்விடுவதால் அதற்கு மருந்து கிடையாது. பஞ்சுக் குச்சியைச் சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, தகட்டைச் சுழற்றியபடி இருபுறமும் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிறகு போடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், உறை வளைந்துவிடும்.

படிப்பதற்கு யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. சோனி 2011இல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது என்றாலும், பழைய சரக்கிலிருந்து எடுத்த டிரைவுகள் சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று எளிதாகப் படித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதிய டிரைவின் முனை இருந்த இடத்துக்கும் படிக்கும் டிரைவின் முனை இருக்கும் இடத்துக்கும் நூலிழை வேறுபாடு இருந்தால் போதும், சில தடங்கள் பிடிபடாது. எனவே முடிந்தால் இரண்டு டிரைவுகளை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய கணினி முழுதாக எங்கேயாவது பரணில் இருந்தால், அதில் உள்ள டிரைவே அவருடைய ஃப்ளாப்பிகளுக்கு மிகப் பொருத்தமானது. ஐந்தேகால் அங்குலத்துப் பெரிய ஃப்ளாப்பிகள் கலந்திருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை இன்றைய கணினியில் கிரீஸ்வீசில் போன்ற சிறு மின்பலகையும் பழைய டிரைவும் கொண்டுதான் படிக்க முடியும். அது தனி வேலை.

படிக்கும்போது கோப்பு கோப்பாக இழுத்துப் போடாமல், ஃப்ளாப்பி முழுவதையும் ஒரு பைட்டும் மாறாமல் அப்படியே ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இரு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். ஆக 2,880 பகுதிகள், 14,74,560 பைட்டுகள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே பிறந்தது போன்றது. அது முதல் சுற்றில் எளிதாகப் படியும் பகுதிகளை எல்லாம் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். இன்று ஒரு டிரைவில் 2,871 பகுதிகள் கிடைத்தன என்றால், நாளை வேறு டிரைவில் போட்டு மீதி ஒன்பதை மட்டும் கேட்கலாம். ஏற்கெனவே கிடைத்ததை அது தொடாது. இறுதிவரை ஒரு பகுதி கிடைக்காமல் போனாலும் இழப்பது 512 பைட்டுகள்தான். எளிய எழுத்துக் கோப்பாக இருந்தால், குறிக்கு ஒரு பைட் என்ற அந்தக் காலக் கணக்கில், அது ஒரு சிறிய பத்தி அளவு. கோப்பு முழுவதும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பிம்பத்துக்கும் ஃப்ளாப்பி மேல் அப்பா எழுதியிருக்கும் பெயரையே வையுங்கள். அந்தச் சீட்டுகளைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்த ஆண்டு என்பதைப் பல சமயம் அந்தக் கையெழுத்துதான் சொல்லும்.

ஹார்ட் டிஸ்க் ஒப்புநோக்க எளிது. 1997ஆம் ஆண்டுக் கணினி என்றால் அது 40 ஊசிகள் கொண்ட ஐடிஇ வகையாக இருக்கும். ஐடிஇயிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் சென்னை ரிட்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம். கேபிள் மட்டும் போதாது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தனியே வேண்டும் என்பதால், மின்சார அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கின் பின்புறம் உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பான் மாஸ்டர் நிலையில் இருக்க வேண்டும். எந்த இடம் என்று மேலே ஒட்டிய தாளில் படம் போட்டிருக்கும். மாட்டியவுடன் ஒரே சீரான இரைச்சல் வந்தால் நல்லது. “டக், டக்” என்று அடித்துக்கொண்டே இருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது தரவு மீட்பு நிலையத்துக்குப் போக வேண்டிய டிஸ்க். எக்காரணம் கொண்டும் மூடியைத் திருகிக் கழற்றக் கூடாது. நலமாக ஓடினால், லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஏற்றி, டிஸ்க்கைத் திறக்காமலேயே அதே டிடிரெஸ்க்யூவால் முழுப் பிம்பம் எடுங்கள். அந்தக் காலத்து டிஸ்க் இரண்டு அல்லது நான்கு ஜிபிதான் இருக்கும். இன்றைய மலிவான பென் டிரைவிலேயே அடங்கிவிடும்.

பிம்பம் எடுத்த பிறகு அதற்குள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அப்பாவின் கோப்புறை அன்று. விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையைத் தேடி, அதை முழுதாக வெளியே எடுத்து வையுங்கள். அப்பா எந்த எழுத்துருவில் எழுதினாரோ அது பெரும்பாலும் அங்கே இருக்கும், ஏனென்றால் அது இல்லாமல் அவரால் தாம் எழுதியதைப் படித்திருக்க முடியாது. கால் நூற்றாண்டுக்கு முந்தைய ட்ரூடைப் எழுத்துருக்கள் இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்கின்றன. அவற்றை நிறுவிவிட்டு, ஒரு கோப்பை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து பாருங்கள். போன நிமிடம் வரை ஜேயும் கேயுமாகக் கிடந்த பக்கம் தமிழாக எழுந்து நிற்கும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் அந்த நொடி எனக்குப் பழகவில்லை. எழுத்துரு கிடைக்காவிட்டாலும், கோப்பில் ஏதேனும் ஒரு வரியில் சுட்டியை வைத்தால் மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் எந்தக் குறியாக்கம், அதாவது எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற ஏற்பாடு, என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் பெயர் எதுவாக இருக்கலாம் என்பதற்குச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் எழுதும் மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் முரசு அஞ்சல் பல நாட்டுத் தமிழரிடம் பரவியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அவருடைய முயற்சிதான். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய பொதுக் குறியாக்கம் திஸ்கி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கத் தரங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை போக, அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஸ்ரீலிபி, வானவில், இளங்கோ போன்றவை தத்தம் வழியில் இருந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினியில் அது வசதியாகப் புழங்கியது விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான். அப்போதுகூடப் பலர் பழகிய எழுத்துருவை விடவில்லை. உங்கள் அப்பாவின் ஏழு ஆண்டுகள் இந்த மாற்றக் காலத்தின் நட்ட நடுவில் விழுகின்றன. ஒரே ஆள் 1997இல் ஒன்றிலும், 2001இல் இன்னொன்றிலும், 2004இல் யூனிகோடிலும் எழுதியிருக்கக்கூடும். எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம்.

திஸ்கியை அடையாளம் காண்பது எளிது. அதில் “தமிழ்” என்ற சொல், எழுத்துரு இல்லாதபோது, முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு போட்ட யூ என்று நான்கு குறிகளாகத் தெரியும். பக்கம் முழுவதும் ஐரோப்பிய மொழி எழுத்துகள் போலத் தலையில் கோடும் புள்ளியும் வைத்தவை நிறைந்து, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தால், அது திஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறியாக்கம். மிகப் பழைய திஸ்கிக் கோப்புகளில் இ என்ற எழுத்து மட்டும் ஆங்காங்கே காணாமல் போயிருக்கலாம். அதற்கு முதலில் ஒதுக்கப்பட்ட இடம், சொல்லை வரி முடிவில் உடைக்கப் பயன்படும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடம்; சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். அதனாலேயே திஸ்கி 1.7இல் இகரத்துக்கு வேறு இடம் கொடுத்தார்கள்.

மாற்றுவதற்கான கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகம் ஆகிய மூன்றையும் நான் பயன்படுத்துகிறேன். பழைய உரையை உள்ளே கொடுத்து, குறியாக்கத்தின் பெயரைத் தேர்ந்தால் யூனிகோட் வெளியே வரும். பத்தில் எட்டு பங்கு வேலை இதிலேயே முடிந்துவிடும். மீதி இரண்டு பங்கில்தான் கவனம் வேண்டும்.

பாமினி வகையில் வரும் முதல் சிக்கல் ஆங்கிலம். ஆவணத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள ஒரே வேறுபாடு எழுத்துருவின் பெயர்தான். உரையை மட்டும் பிரித்து எடுத்து மாற்றியில் போட்டால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். “டேட்டா” என்று பொருள்படும் நான்கு எழுத்து ஆங்கிலச் சொல் சிற்றெழுத்தில் இருந்தால் “னயவய” என்று தமிழாக மாறி நிற்கும். அதைப் பார்த்து மூலச் சொல்லை ஊகிப்பது கடினம். ஆகவே மாற்றுவதற்கு முன்பே, லிப்ரே ஆபிஸின் தேடி மாற்றும் வசதியில் ஆங்கில எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, அதில் அமைந்த சொற்களை எல்லாம் உரையில் வேறெங்கும் வராத ஏதேனும் ஒரு குறிக்குள் அடைத்துவிடுங்கள். ஆங்கிலம் எங்கெங்கே இருந்தது என்பது மாற்றிய பிறகும் தெரியும்; மூலத்தைப் பக்கத்தில் வைத்து அவற்றை மட்டும் திருத்திவிடலாம்.

இரண்டாவது சிக்கல் கொம்பு. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்பட்டது. “கொ” என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் ஒலிக்கும் வரிசைப்படி முதலில் க, அடுத்து ஒகரக் குறி. நல்ல மாற்றி இதைச் சரியாகத் திருப்பி வைக்கும். சுமாரான மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவே விட்டுவிடும். திரையில் அது “கொ” என்றே தெரியும். ஆனால் “கொடுத்தான்” என்று தேடினால் சில நிரல்களில் கிடைக்காது. யூனிகோடின் இயல்பாக்கல் விதியைப் பயன்படுத்தும் எந்தக் கருவியும் இதை ஒரே சொடுக்கில் சேர்த்துவிடும். ஔகாரம் அப்படிச் சேராது. பழைய எழுத்துருக்களில் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே அடித்தார்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுதானே. மாற்றியபின் “கௌரவம்” என்பது “கெளரவம்” என்று க, எ, ள ஆகிவிடும். கண்ணால் பார்த்தால் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. “வெள்ளம்”, “கெளிறு” போன்ற உண்மையான ளகரச் சொற்களும் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவும் முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கே நாளானது. ஓர் ஆசிரியர் பாமினியில் எழுதி வைத்திருந்த கதைகளை மாற்றியபோது, வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் “ஆவன்”, “ஆவள்” என்று வந்துகொண்டே இருந்தது. வாக்கியத்தின் நடுவில் “அவன்” சரியாகவே இருந்தது. மாற்றியில் பிழை என்று நினைத்துப் பல மணி நேரம் தேடினேன். பாமினியில் அகரத்துக்கு ஆங்கிலச் சிறிய எம், ஆகாரத்துக்குப் பெரிய எம். முற்றுப்புள்ளிக்குப் பிறகு வரும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் சொற்செயலிக்கு உண்டு. அவர் அடித்த அகரத்தை அது ஆங்கிலம் என்று எண்ணி, 25 ஆண்டுகளுக்கு முன்பே ஆகாரமாக்கிவிட்டிருந்தது. அவர் சிலவற்றைத் திருத்தியிருந்தார், பலவற்றைக் கவனிக்கவில்லை. உங்கள் அப்பாவின் கோப்புகளிலும் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். இது அவர் செய்த பிழை அன்று என்பதால் திருத்துவதில் தயக்கம் வேண்டாம்.

சில கோப்புகள் எந்த மாற்றிக்கும் மசியாமல் வெறும் கட்டம் கட்டமாகவே வரும். சில தமிழ் எழுத்துருக்கள் தம்மைக் குறியீட்டு எழுத்துரு என்று அறிவித்துக்கொண்டவை; அவற்றில் அடித்த எழுத்துகளை வேர்ட் தன் வழக்கப்படி யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குத் தள்ளி வைத்துவிடும். ஒவ்வோர் எழுத்தின் எண்ணிலிருந்தும் ஒரே அளவு எண்ணைக் கழித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பிறகு வழக்கம்போல மாற்றலாம். நிரல் தெரிந்த ஒருவருக்கு இது மூன்று வரி வேலை. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த கோப்புகள் இருந்தால், அவற்றையும் லிப்ரே ஆபிஸ் ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு கலைந்தாலும் உரை கிடைத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கால வேர்டில் விரைவுச் சேமிப்பு என்ற வசதி இருந்தது. கோப்பை முழுதாகத் திரும்ப எழுதாமல், மாற்றங்களை மட்டும் கடைசியில் சேர்த்து வைக்கும். நீக்கிய வரிகள் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். ஃப்ளாப்பியில் அழித்த கோப்பும் அப்படித்தான். பெயரின் முதல் எழுத்தும், கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்ற அட்டவணைக் குறிப்பும்தான் அழியும்; அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலைப் பிம்பத்தின்மேல் ஓட்டினால் அழித்த கோப்புகளில் பல வெளிவரும். ஒரு கதையின் முதல் வடிவம் கிடைக்கலாம். யாருக்கோ எழுதி அனுப்பாமல் அழித்த கடிதமும் கிடைக்கலாம். பிறருக்காகச் செய்யும்போது, அழிக்கப்பட்டவற்றைத் தேடட்டுமா என்று குடும்பத்தாரைக் கேட்ட பிறகே நான் தேடுவேன். தேடிக் கிடைத்தவற்றைப் படிக்காமல் தனிக் கோப்புறையில் இட்டுக் கொடுத்துவிடுவேன். உங்கள் வீட்டில் இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் குடும்பத்தாரும்.

மாற்றி முடித்த உரையை நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியில் ஒருமுறை ஓட்டினால், மாற்றத்தில் விழுந்த பிழைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஆனால் அது காட்டுவதை எல்லாம் திருத்திவிடாதீர்கள். ஊர்ப்பெயர், உறவுப்பெயர், அப்பாவுக்கே உரிய சொல்வழக்கு எல்லாம் அதற்குப் பிழையாகவே தெரியும். அவர் குரலை அறிந்த ஒருவர் அருகில் இருந்து, மூலத்தைப் பழைய எழுத்துருவில் ஒரு பக்கமும் மாற்றியதை மறுபக்கமும் வைத்து, வரிக்கு வரி படிப்பதுதான் சரியான முறை. நாளைக்கு ஐந்து பக்கம் படித்தாலும் போதும்.

இறுதியில் உங்களிடம் மூன்று அடுக்குகள் இருக்க வேண்டும்: தொடாத பிம்பங்கள், அவற்றைப் படிக்க உதவும் பழைய எழுத்துருக்கள், யூனிகோடில் மாற்றிய உரை. மூன்றையும் சேர்த்தே வீட்டில் ஓர் இடத்திலும், உறவினர் வீட்டில் ஓர் இடத்திலும், இணையச் சேமிப்பில் ஓர் இடத்திலும் வையுங்கள். மாற்றிய உரை வந்துவிட்டதே என்று பிம்பங்களை அழித்துவிட வேண்டாம். “கெளரவம்” போல ஏதேனும் ஐயம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அதுதான் இருக்கிறது. ஃப்ளாப்பிகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒலிபெருக்கி, காந்தம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்போதைக்குக் கடையில் மேற்கொண்டு எதையும் கொடுக்காமல், 42 தாழ்களையும் நகர்த்திவிட்டு, தகடுகளைப் பார்த்து, பூஞ்சை உள்ளவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். கடையில் திறந்து பார்த்த கோப்பு ஒன்றின் முதல் வரியில் எந்தெந்தக் குறிகள் தெரிந்தன என்பதை எழுதி அனுப்பினால், எந்தக் குறியாக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.